இரண்டு நாள் ஏர், பத்து நாள் களை

மயிலாத்தாளுக்குக் கோபப்படக்கூடத் தெம்பில்லை. 1972 ஆனி மாதம். கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே, அவள் குத்தகைக்குப் பாடுபட்ட இரண்டு ஏக்கர் செம்மண்ணில் நின்று, புதுச் சட்டப்படி உழுகிறவர் பெயருக்கே பட்டா எழுத வந்த அதிகாரி ஊராரைக் கேட்டார்: "இதுல ஏர் ஓட்டறது யாரு?"

"மாரப்பனுங்க."

பொய்யா? பொய்யில்லை, அதுதான் வயிற்றெரிச்சல். பெண்பிள்ளை ஏரின் மேழியைத் தொடக்கூடாது என்பது ஊர்க்கட்டு. புருஷன் செத்த பதினோரு வருஷமாய்க் கொழுந்தன் மாரப்பன்தான் இரண்டு நாள் ஏர் கட்டினான். அதற்கு ஈடாக அவன் காட்டில் அவள் பத்து நாள் களையெடுப்பாள். மற்ற நாளெல்லாம்? குளத்து வண்டலைக் கூடை கூடையாகச் சுமந்தது யார்? எருவுக்காக ஆட்டுப்பட்டி போடச் சொல்லி நாயாய் அலைந்தது யார்? உரமூட்டையை எடுத்துக்கோ என்று கடைக்காரன் கெஞ்சியும் கேளாமல், கொளிஞ்சித் தழையை அறுத்து மண்ணில் மிதித்தது யார்?

"பாடுபட்டது நானுங்க," என்றாள்.

"ஏர் ஓட்டுனியாம்மா?"

"இல்லைங்க."

அதிகாரி பேனாவைத் திறந்தார். மயிலாத்தாள் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டாள். பிள்ளைகள் இரண்டையும் கூட்டிக்கொண்டு இனி யார் வாசலில் போய் நிற்பது?

காரியம் முடிந்ததென்று மாரப்பன் அவள் பக்கம் திரும்பினான். பாவி, வாய் சும்மா இருக்குமா! வருஷா வருஷம் அண்ணியிடம் சொல்லிப் பழகிய வாய்.

"நங்கை, நாளைக்குக் களையெடுக்க வந்துருங்க. இந்த வருச ஏருக்குப் பத்து நாளும் அப்படியே நிக்குது."

பேனா நின்றது. "அப்ப நீ கூலிக்கு உழுதியா?"

மயிலாத்தாள் முந்திக்கொண்டு எழுந்து நின்றாள். "ஆமாங்க. நான் எடுக்கற களைக்கு அவரு ஏர். ஊருக்கே தெரியுமுங்க."

ஊரார் மறுக்கவில்லை. அதிகாரி அவள் பெயரை எழுதினார்.

மறுநாள் விடிந்ததும் களைக்கொத்தை எடுத்துக்கொண்டு அவன் காட்டுக்குப் போனாள். ஒப்புக்கொண்ட வேலை ஒப்புக்கொண்டதுதானே! மாரப்பன் பெண்டாட்டி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். குடிக்கத் தண்ணீர்கூட யாரும் தரவில்லை. பத்தாம் நாள் சாயங்காலம் இடுப்பு நிமிரவில்லை.

"முடிஞ்சுதுங்க," என்றாள் மாரப்பனிடம்.

"அடுத்த வருசம் என்ற மாடு வராது, பாத்துக்கங்க."

"வர வேண்டாமுங்க. மேழி புடிக்க எனக்கும் ரெண்டு கை இருக்குது."

சொல்லிவிட்டாள். மாட்டுக்கு எங்கே போவது என்றுதான், வீடு போய்ச் சேரும்வரை அவளுக்குத் தெரியவில்லை.