ஏழெட்டு

தோழி இறந்த துக்கம் தையலக்காவுக்கு இல்லாமல் இல்லை. ஆனால் உள்ளதைச் சொன்னால், அந்தப் பத்து நாளும் துக்கத்தைவிடப் பொறாமைதான் அவளைப் பாடாய்ப் படுத்தியது.

பள்ளிச் சீருடை தைப்பது அவள் பிழைப்பு. சுற்றுவட்டாரத்தில் பாதிப் பிள்ளைகளின் இடுப்பளவு அவளுக்கு மனப்பாடம். தோழியோ பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் முப்பது வருஷம் படுக்கை விரிப்பு மடித்தவள். இருவரும் அஞ்சாம் வகுப்புவரை ஒரே பெஞ்சு. அதற்குமேல் இரண்டு வீட்டிலும் வசதிப்படவில்லை. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை மத்தியானமானால் தோழி தையல் மிஷின் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தபடி ஊர்க்கதை பேசுவாள். அது தவறிப்போன வாரங்கள் ரொம்பக் குறைவு.

அப்படிப்பட்டவளுக்கு, எடுக்கிற அன்று வாசலில் செருப்புக் குவியல் பக்கத்தில்தான் நிற்க இடம் கிடைத்தது. தலைமாட்டில் உட்கார்ந்திருந்தது வேறொருத்தி. சலவைக்கூடத்தில் தோழிக்கு எதிரே நின்று வேலை பார்த்தவள். வந்தவர்களெல்லாம் அவள் கையைப் பிடித்துத்தான் ஆறுதல் சொன்னார்கள். தோழியின் மகள் வேறு, “சித்தி, கொஞ்சம் தண்ணி குடிங்க” என்றாள். தையலக்காவுக்குச் சுருக்கென்றது. தன்னை அந்தப் பெண் பெரியம்மா என்று கூப்பிடுவது சரி. இவள் எப்போது சித்தியானாள்?

வீட்டுக்கு வந்து மிஷினை மிதித்துக்கொண்டே யோசித்தாள். விரிப்பு மடிப்பது இரண்டு பேர் வேலை. ஆளுக்கொரு பக்கம் பிடித்து உதறி, நெருங்கி வந்து முனையோடு முனை சேர்த்து, விலகிப் போய், மறுபடி நெருங்கி வர வேண்டும். ஒரு நாளைக்கு எத்தனை நூறு தடவை முகத்துக்கு முகம் பார்த்திருப்பாள் அந்தச் சித்தி! தனக்குக் கிடைத்தது வாரத்தில் ஒரு மத்தியானம். அதிலும் தன் கண் பாதி நேரம் ஊசிமேல்தான் இருந்தது.

சாமி கும்பிட உட்கார்ந்தாலும் இதே பாடுதான். தோழியின் ஆத்மாவுக்காகத் தொடங்குகிற வேண்டுதல் சித்தியில் வந்து முடியும். செத்தவளைப் பங்கு போடுகிறேனே, மன்னித்துக்கொள் ஆண்டவனே என்பாள். சொல்லி வாய் மூடுமுன் மறுபடி பொறுமுவாள்.

ஒரே ஒரு ஆறுதல், அந்தப் பட்டப்பெயர். அது தன்னைத் தவிர யாருக்கும் தெரியாது என்று நம்பியிருந்தாள். மூன்றாம் வகுப்பில் வாய்ப்பாடு நடந்தபோது டீச்சர் தோழியை எழுப்பி, “ஏழெட்டு எவ்வளவு?” என்றார். “ஏழோ எட்டோ இருக்கும் டீச்சர், நான் எண்ணலை” என்றாள் தோழி. வகுப்பே உருண்டு சிரித்தது. அன்று மணியடிக்கிறவரை பெஞ்சுமேல் நின்றாள். அன்றிலிருந்து அவளுக்கு ஏழெட்டு என்று பெயர். மற்றவர்கள் மறந்துவிட்டார்கள், தையலக்கா மட்டும் கடைசிவரை விடவில்லை.

பத்தாம் நாள் மகள் வந்து சொல்லிவிட்டுப் போனாள்: ஞாயிறு சாயங்காலம் சலவைக்கூடத்தில் நினைவுக்கூட்டம், அம்மாவுக்கு ரொம்ப நெருக்கமானவர் ஒருத்தர் பேச வேண்டும், பெரியம்மாவும் சித்தியும் கலந்து பேசி முடிவு பண்ணட்டும். அந்த ஒருத்தர் யார் என்பதில் என்ன கலந்து பேச வேண்டியிருக்கிறது என்று மனசுக்குள் கறுவிக்கொண்டேதான் தையலக்கா தோழி வீட்டுக்குப் போனாள்.

அங்கே சித்தி, இறந்தவளின் துணிமணிகளை மடித்து அடுக்கிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தவள் சிரித்தாள்.

“நீங்கதானே ஏழெட்டு?”

தையலக்கா வெடுக்கென்று சொன்னாள்: “அது அவ பேரும்மா. என் பேரில்ல.”

“இல்லக்கா, உங்களத்தான் அப்படிச் சொல்வாங்க. ஞாயித்துக்கிழமை ஏழெட்டு வீட்டுக்குப் போகணும், என்னை ஒரு வேலைக்கும் கூப்பிடாதேம்பாங்க. டீச்சர் கேட்டதும் பக்கத்துல இருந்து சொல்லிக்குடுத்ததே அவதான், அதை நம்பி வாயைத் திறந்து நான் மாட்டிக்கிட்டேன்னு சொல்லிச் சொல்லிச் சிரிப்பாங்க.”

தையலக்கா கட்டில் விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள். பெஞ்சுக்குக் கீழே குனிந்து, ஏழோ எட்டோன்னு சொல்லிடுடி என்று முணுமுணுத்த தன் குரல் இப்போதுதான் அவள் காதில் விழுந்தது. டீச்சர் யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டும் தோழி காட்டிக்கொடுக்கவில்லை. இத்தனை வருஷம் கூப்பிட்டுக் கேலி செய்தபோதும் அவள் ஒரு வார்த்தை திருப்பிச் சொன்னதில்லை.

“என்கிட்ட ஒரு தடவைகூட இதைச் சொன்னதில்லையே?”

“சொன்னா நீங்க ஒரு மாசத்துக்கு மூஞ்சியத் தூக்கி வச்சுக்குவீங்களாம்.”

தையலக்காவுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. சித்தி ஒரு விரிப்பை எடுத்து மறுமுனையை அவள் கையில் கொடுத்தாள்.

“உள்ளதைச் சொல்லட்டுமாக்கா? உங்க பேச்சை எடுத்தாலே எனக்கு எரியும். எதிர்ல நின்னு மடிக்கிறது நானு, பேச்சு பூரா உங்களப் பத்தி. கூட்டத்துல நீங்களே பேசுங்க. நான் பேசினாலும் உங்களப் பத்தித்தான் சொல்லியாகணும்.”

இருவரும் விரிப்பை உதறினார்கள். தையலக்கா கைமாற்றிப் பிடித்து முறுக்கிவிட்டாள். சித்தி அதைச் சரிசெய்தாள்.

ஞாயிறு சாயங்காலம் எழுந்து நின்று என்ன சொல்வது என்று தையலக்கா முடிவு செய்துவிட்டாள். ஏழெட்டு நான்தான் என்று தொடங்கி, பெஞ்சுமேல் நிற்கவேண்டியவளும் நான்தான் என்று எல்லார் முன்னாலும் ஒப்புக்கொள்ள வேண்டும். சித்தியைப் பற்றியும் நல்லதாக நாலு வார்த்தை சொல்லத்தான் வேண்டும். நாலு கொஞ்சம் அதிகம் என்று பட்டது. இரண்டு போதும்.