எண்ணெய்ச் சட்டி

வெளியூர் வேலைக்குப் போன அக்கா காய்ச்சலில் செத்துவிட்டாள் என்று அப்பா சொன்னார். "இனி இந்த வீட்ல அவ பேச்சே எடுக்கக் கூடாது."

சாவு விழுந்த வீட்டில் அந்த வருடம் தீபாவளி கிடையாது. அம்மாவோ அதிரசம் சுட்டாள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைதான் என்றாலும் நான் முட்டாள் இல்லை. அக்கா எங்கேயோ உயிரோடு இருக்கிறாள். அதன்பிறகு ஒவ்வொரு தீபாவளிக்கும், எங்கள் பசுமலை வீட்டில் எண்ணெய் காயும் வாசனை வரும்வரை எனக்கு நிம்மதி இருக்காது.

நான்காம் வருடம், ஐப்பசி பிறக்கும் முன், காலையில் தனியாக பஸ் ஏறிப் போன அம்மா சாயங்காலம் ஈரத் தலையோடு திரும்பினாள்.

"எங்கம்மா போயிட்டு வார?"

"கொட்டாம்பட்டிக்குத்தான்டி. போய்ப் படி."

எனக்குத் தெரிந்து அந்த ஊரில் எங்களுக்குச் சொந்தக்காரர் யாரும் இல்லை.

அந்தத் தீபாவளிக்கு அடுப்பில் எண்ணெய்ச் சட்டி ஏறவில்லை. ஏன் என்று அப்பா கேட்கவும் இல்லை.