துரையின் மண்தொட்டியும் ஏகநாதனின் மூக்கும்

சேலையூரில் கேம்ப் ரோட்டை ஒட்டிய ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் வசிக்கும் ஏகநாதனுக்கு ஒரு காலத்தில் மூக்குதான் பெருமை. திருமுடிவாக்கத்தில் ஒரு கம்பெனியில் ஸ்டோர் பொறுப்பாளராக இருந்தவர். டிரம்மைத் திறக்கும்போதே ஆயில் கெட்டிருக்கிறதா என்று சொல்லிவிடுவார். வீட்டிலும் அப்படித்தான். சாம்பாரில் பெருங்காயம் விழவில்லை என்பதை வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கண்டுபிடித்துச் சொல்லி, மனைவி சந்திரிகாவிடம் வாங்கிக் கட்டிக்கொள்வார்.

கொரோனா வந்தது. போகும்போது அந்த மூக்கையும் கையோடு கொண்டுபோய்விட்டது. காய்ச்சல் விட்டது, இருமல் விட்டது, வாசனை மட்டும் திரும்பவில்லை. சந்திரிகா தினமும் காலையில் காபி டம்ளரை அவர் மூக்கருகே நீட்டி, "இன்னிக்கு ஏதாவது தெரியுதா?" என்று கேட்பாள். இல்லை என்று தலையாட்டினால் அவள் முகம் சுண்டிப்போகும். அந்த முகத்தைப் பார்க்கச் சகிக்காமல் ஒரு நாள் மனுஷன், "ஆஹா, வருதே!" என்று சொல்லிவிட்டார்.

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. பிள்ளையாருக்குச் சிதறுகாய் உடைத்தாள். கேசரி கிண்டி அக்கம்பக்கத்துக்கெல்லாம் கொடுத்தாள். ஊரே கேசரி சாப்பிட்ட பிறகு வாசனை வரவில்லை என்று எந்த வாயால் சொல்வது? அன்றிலிருந்து டம்ளரை வாங்கியதும் "என்ன மணம்!" என்று சொல்வது அவருக்கு ஒரு டியூட்டியாகவே ஆகிவிட்டது.

ஓய்வு பெற்ற பிறகு துரை வந்தான். துரை ஒரு பூனை. மழையில் பைக் கவருக்குள் நடுங்கிக்கொண்டிருந்த குட்டியை ஏகநாதன்தான் சட்டைக்குள் வைத்துத் தூக்கிவந்தார். வந்த மறுநாளே சோபாவின் நடுவில் உட்கார்ந்து வீட்டுக்காரரை ஓரத்துக்குத் தள்ளியதால் அந்தப் பெயர். கணக்கு டீச்சரான சந்திரிகா பள்ளிக்குக் கிளம்பிவிட்டால், மாலை வரை அவருக்குப் பேச்சுத்துணை அவன்தான். மடியில் அவன் படுத்துவிட்டால், தாகமெடுத்தாலும் தண்ணீர் குடிக்க எழுந்திருக்க மாட்டார். அவ்வளவு பிரியம்.

சந்திரிகா ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்.

"இருந்துட்டுப் போகட்டும். ஆனா வீட்ல பூனை நாத்தம் வரக் கூடாது. வந்துச்சுன்னா பம்மல்ல என் தங்கச்சி வீட்டுக்கு அனுப்பிடுவேன். மண்தொட்டி உங்க பொறுப்பு. உங்க மூக்குக்கு நான் சொல்லித் தரணுமா என்ன?"

"நான் பாத்துக்கறேன்" என்றார், மூக்கைத் தொலைத்தவர்.

பால்கனியில் தொட்டி வைத்து, கடையில் விற்கும் பூனை மண்ணைக் கொட்டியாயிற்று. துரையும் நாகரிகமாகவே போய்வந்தான். ஆனால் நாறுகிறதா இல்லையா என்று ஏகநாதனுக்கு எப்படித் தெரியும்? கூரியர்காரர் வந்தால் கையெழுத்துப் போடாமல் வந்தவரின் மூக்கையே பார்ப்பார். அது லேசாகச் சுருங்கினாலும் போதும், தொட்டியில் கொஞ்சம் பினாயில் விழும். தண்ணீர் கேன் போடுபவர் தும்மினால், எலுமிச்சை வாசனைத் திரவம். சந்திரிகா பள்ளியிலிருந்து திரும்பும் நேரத்துக்கு ஒரு சட்டி சாம்பிராணி. பம்மலை நினைக்க நினைக்க, பினாயிலின் அளவு கூடிக்கொண்டே போனது.

நவராத்திரி வந்தது. சந்திரிகா வருஷம் தவறாமல் கொலு வைப்பவள். படிக்குக் கீழே பெரிய தட்டில் மண் பரப்பி ஒரு பார்க் அமைப்பாள். இந்த வருஷம் வண்டலூர் மிருகக்காட்சிசாலை. மண்ணை மாவு சலிப்பதுபோல் சலித்துப் பரப்பி, கேழ்வரகை முளைக்கவிட்டுப் புல்தரையாக்கி, புலி, யானை, ஒட்டகச்சிவிங்கி எல்லாம் நிறுத்தியிருந்தாள்.

சனிக்கிழமை மாலை அவள் சமையலறையில் சுண்டலுக்குத் தாளித்துக்கொண்டிருந்தாள். ஏகநாதன் வேட்டியும் விபூதியுமாகக் கொலுவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, செல்போனில் மூழ்கியிருந்தார். கீழ்வீட்டுக் காமு மாமி முதல் ஆளாக உள்ளே வந்தார். இரண்டு அடி வைத்ததும் அவர் கை தானாகப் புடவைத் தலைப்பை எடுத்து மூக்கில் வைத்தது.

"வாங்க மாமி. சாம்பிராணி மணம் ஆளைத் தூக்குதுல்ல?" என்றார் ஏகநாதன்.

"சாம்பிராணி இல்லை சார் இது" என்றார் மாமி, மெதுவாக.

சுண்டல் பாத்திரத்தோடு வந்த சந்திரிகாவுக்கு எட்டிப் பார்க்கவே தேவையிருக்கவில்லை. வண்டலூரில் யானை கவிழ்ந்துகிடந்தது. புலி வால் மட்டும் வெளியே தெரியப் புதைந்திருந்தது. துரை பக்கத்தில் உட்கார்ந்து நிம்மதியாகக் காலை நக்கிக்கொண்டிருந்தான்.

அவள் பூனையைப் பார்த்தாள். பிறகு புருஷனைப் பார்த்தாள். அந்தப் பார்வை அவரிடமே நின்றுவிட்டது.

"எவ்ளோ நேரமா இங்கயே உக்காந்திருக்கீங்க?"

"வெளக்கு ஏத்துனதுலேருந்து."

"உங்களுக்கு ஒண்ணுமே தெரியலயா?"

ஏகநாதன் அவசரமாகச் செல்போனை இடுப்பில் செருகினார். "விடு சந்திரிகா, மண்ணைக் கண்டா அது என்ன பண்ணும் பாவம்" என்று சொல்லி, மாமிதான் தட்டை ஆளுக்கொரு பக்கம் பிடித்து வெளியே எடுக்க உதவினார்.

வந்தவர்கள் எல்லோரும் போன பிறகு, சந்திரிகா நேராகப் பால்கனிக்குப் போய்த் தொட்டியருகே குனிந்தாள். உடனே இருமிக்கொண்டே பின்வாங்கினாள்.

"அய்யோ, கண்ணே எரியுது! இதுல யாராவது கால வெப்பாங்களா?"

திரும்பி வந்து பரணிலிருந்து மூடிபோட்ட கூடையை எடுத்தாள். துரை குட்டியாக இருந்தபோது டாக்டரிடம் கொண்டுபோன கூடை. ஏகநாதனுக்குப் பம்மல் ஞாபகம் வந்தது. துரையை வாரி மடியில் வைத்துக்கொண்டார்.

"இவன் மேல தப்பு இல்ல சந்திரிகா. எனக்குத்தான் வாசனை வரல. ஒரு நாளும் வரல. நாறுதோ நாறுதோன்னு பயந்து பயந்து நானே ஊத்தித் தொலச்சேன். இவன அனுப்பிடாத."

அவள் கூடையைக் கீழே வைத்தாள்.

"அப்போ காபி?"

"பொய்."

"தினமுமா?"

"தினமும்."

"கேசரி வேற குடுத்தேனே!" என்றாள். சொல்லும்போது சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்துவிட்டது. அவர் பக்கத்தில் உட்கார்ந்து முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். இத்தனை நாள் இந்த மனிதர் தனியாக இதைச் சுமந்திருக்கிறார் என்பதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

"கூடைய எதுக்கு எடுத்த?" என்று பயந்துகொண்டே கேட்டார்.

"புலிய கழுவ வேணாமா? அள்ளிப் போட வேற என்ன இருக்கு?"

மறுநாள் தொட்டியை வெந்நீரும் சாதா சோப்பும் போட்டுத் தேய்த்து, மொட்டைமாடி வெயிலில் காயவைத்தார்கள். அடியில் கொஞ்சம் சமையல் சோடா தூவி, வாசனை எதுவும் சேர்க்காத மண்ணை மேலே கொட்டினார்கள். துரை சுற்றிச் சுற்றி மோந்து பார்த்துவிட்டு உள்ளே இறங்கினான். காலையும் மாலையும் ஈரத்தில் கட்டிபிடித்த மண்ணை அள்ளிப்போடுவது ஏகநாதன் வேலை. மோந்து பார்ப்பது சந்திரிகா வேலை. பினாயில் பாட்டில் கழிவறையை விட்டு வெளியே வருவதில்லை.

அதன் பிறகு ஒரு காலை. சந்திரிகா பால்கனிக்குப் போய்விட்டு வந்து, "தொட்டி சுத்தமா இருக்கு" என்றாள். காபியை நீட்டினாள். பழக்கதோஷத்தில் அவர் "என்ன..." என்று ஆரம்பித்து, பாதியில் நிறுத்திக்கொண்டார்.

அவள் டம்ளரை விடாமல் பிடித்தபடி அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நான் சொல்றேன். இன்னிக்கு டிகாக்ஷன் திக்கா எறங்கியிருக்கு, கொஞ்சம் கருகலா அடிக்குது. கீழ மாமி வீட்ல வெண்ணெய் காய்ச்சுறாங்க. முருங்கை எல போட்டுருக்காங்க போல, நெய் வாசனை படியேறி நம்ம வாசல் வரைக்கும் வந்துருச்சு."

ஏகநாதன் கண்ணை மூடிக்கொண்டார். மடியில் துரை புரண்டு படுத்தான்.

"இன்னொரு தடவ சொல்லு" என்றார்.

"எத?"

"அந்த நெய்ய."