சூய் வைத்த கருப்பு வட்டம்

சீனாவில், ஷென்யாங் ரயிலடிக்குப் பக்கத்துப் பொதுக் குளியல் கூடத்தில், குளித்துவிட்டு வருகிறவர்கள் முதுகில் குப்பி வைக்கிறவன் சூய். ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சைக் கொளுத்திக் கண்ணாடிக் குப்பிக்குள் ஒரு சுழற்று, முதுகில் ஒரு கவிழ்ப்பு. குப்பி சதையைக் கவ்விக்கொள்ளும். எடுத்தால் அந்த இடம் வட்டமாகக் கன்றியிருக்கும். அவனுக்குத் தெரிந்த வைத்தியம் அவ்வளவுதான். வாய் மட்டும் அரண்மனை வைத்தியனுடையது.

"பாத்தியா, கத்தரிக்கா மாதிரி கருத்துருக்கு! அத்தனையும் உள்ள கெடந்த குளிரு. நான் இல்லேன்னா இந்நேரம் உன் வீட்ல அழுதுட்டு இருப்பாங்க."

குப்பியை மாட்டிவிட்டு ஒரு ஆட்டம் சீட்டு முடித்துவிட்டு வந்தால் கருக்காமல் என்ன செய்யும்? அது சூய்க்குத் தெரியும். வாடிக்கைக்காரர்களுக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் ஆசையில்லை. வெயில் காலத்தில் சட்டையை அக்குள்வரை சுருட்டிக்கொண்டு, பதக்கம் வாங்கியவர்கள் மாதிரி அந்த வட்டங்களைத் தெருவெல்லாம் காட்டிக்கொண்டு போவார்கள்.

அப்படி இருக்கையில்தான் முதலாளி ஹான், வைத்தியக் கல்லூரியில் படித்த லூ என்ற பையனைக் கூட்டிவந்தார். அவன் வைத்த குப்பி லேசான சிவப்போடு சரி.

"இதுக்கா காசு குடுத்தேன்? கொசு கடிச்சாக்கூட இதைவிடச் சிவக்கும்" என்றார் ஒருவர். சூய்க்கு மனசு குளிர்ந்துபோயிற்று.

ஆனால் கூடத்தில் குப்பிக் கட்டில் ஒன்றுதான். ஒருவனுக்குத்தான் இடம், தோற்றவன் நீராவிக்குள் நின்று ஊரான் முதுகில் அழுக்குத் தேய்க்க வேண்டும் என்று ஹான் சொல்லிவிட்டார். சோதனைக்கு அவருடைய மாமனார் தோங் வந்து குப்புறப் படுத்தார். தொழிற்சாலையில் மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்ற மனிதர். அவர் சொன்னால் ஹானுக்கு மறுபேச்சு கிடையாது. இடது பாதி சூய்க்கு, வலது பாதி லூவுக்கு.

சூய் அன்றைக்கு இரண்டு ஆட்டம் ஆடினான்.

எடுத்தபோது இடது பக்கம் கரிச்சட்டி. வலது பக்கம் குழந்தைக் கன்னம்.

"பாருங்க பெரியவரே, இடது பக்கம் எவ்ளோ நோய் கெடந்துருக்கு!" என்று சூய் கண்ணாடியை நீட்டினான்.

தோங்குக்கு முகம் வெளுத்தது. "இடது பக்கமா? நெஞ்சு அங்கதானடா இருக்கு!"

"ரெண்டு பக்கமும் நல்லாத்தான் இருக்கு தாத்தா. அண்ணன் ரொம்ப நேரம் வச்சுட்டாரு, அதான்" என்றான் லூ.

"அப்படியா சூய்?" என்றார் தோங்.

கூடமே சூரியகாந்தி விதை கொறிப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தது. ஆமாம் என்றால் இத்தனை வருஷம் கருப்பு வாங்கிப்போன அத்தனை முதுகும் சட்டையைப் பிடிக்கும். சூய் கண்ணாடியை இன்னும் கிட்டே நீட்டினான்.

"நேரமாவது ஒண்ணாவது... நோயேதான் பெரியவரே."

"அப்போ இந்தப் பய கை வச்ச பக்கம் தேறிருச்சு, நீ கை வச்ச பக்கம் நாறிப்போச்சு! மாப்ள, கட்டிலை இவனுக்கே குடு. அந்தப் பக்கத்தையும் இவனே பாக்கட்டும்."

சூய் அழுக்குத் தேய்க்கப் போனான். குனிந்து குனிந்து இடுப்பு பிடித்துக்கொண்டது. கடைசியில் வெட்கத்தை விட்டு லூவின் கட்டிலில்தான் போய்ப் படுத்தான். குப்பியை எடுத்ததும் கண்ணாடியில் பார்த்தான். லேசான சிவப்பு.

"என்னடா இது, இவ்வளவுதானா?"

"வேலைக் களைப்புதாண்ணே. பெருசா ஒண்ணுமில்ல."

"உனக்கென்னடா தெரியும்! திரும்ப வை. வச்சுட்டு ஒரு ஆட்டம் சீட்டு ஆடிட்டு வா."