இல்லக்காவுக்குக் கிடைத்த ஒளித்துளி

சுரங்கத்து லிஃப்ட் கீழே போய் நின்றதும், இயற்பியல் ஆய்வாளரான அந்த அம்மாள் நேரே நடந்து தொட்டியின் வெளிச்சுவரில் உள்ளங்கையை வைக்கிறார். பிள்ளைக்குக் காய்ச்சல் பார்க்கிற கை அது. "என்னடி, இன்னிக்காவது வாயத் திறப்பியா?" தலைக்கவசத்தைக் கழற்றுவதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

பூமிக்கு அடியில் ஒன்றரைக் கிலோமீட்டர். தொட்டி நிறையக் கடுங்குளிரில் திரவமாக்கிய செனான் வாயு. நாம் அறிந்த ஒவ்வொரு துகளுக்கும் கனமான ஒரு ஜோடி உண்டு என்கிறது ஒரு கணக்கு. அந்த ஜோடிகளில் ஆக லேசானதுதான் அண்டமெங்கும் மறைந்து கிடக்கும் கரும்பொருளோ என்று ஒரு சந்தேகம். அது என்றாவது செனான் அணுவில் இடித்தால் ஒரு துளி ஒளி தெறிக்கும். அந்தத் துகளைத் தேடியே இவர் இருபத்தாறு வருஷம் கொடுத்திருக்கிறார்.

முதல் பதினான்கு வருஷம், புரோட்டான்களை மோதவிடும் ராட்சத வளையத்தில், சிதறல்களுக்குள் தேடினார். பதினொரு கட்டுரைகள், பதினொன்றின் முடிவும் 'இல்லை'. உடன் வேலை பார்ப்பவர்கள் 'இல்லக்கா' என்றே கூப்பிடுகிறார்கள். சிரித்துக்கொண்டே திரும்புகிறார். "சாவியத் தொலைச்சுட்டு பதினோரு அலமாரிய உதறிட்டேன். இனிமே அதுல யாரும் தேட வேணாம்ல? சும்மாவா?"

கணவருக்கும் அதே ஆய்வுக்கூடம். ஆனால் பொல்லாத வேலை. தேடுகிறவர்கள் ஆசையில் ஏமாந்துவிடக் கூடாதென்று, பதிவுகளுக்கு நடுவே போலி ஒளித்துளிகளை ரகசியமாகச் செருகிவைப்பவர் அவர். எது போலி என்ற பட்டியல் அவரிடம் மட்டும். எல்லோரும் ஆராய்ந்து கையெழுத்திட்ட பிறகே பிரிப்பார்கள். மனைவி தேடுகிற இடத்தில் கணவருக்கு இந்த வேலையா என்று சிலர் முணுமுணுத்தபோது, இந்த அம்மாள்தான் சொன்னாராம்: "வேற ஆளா இருந்தா கெஞ்சியே வாங்கிருவேன். இந்தக் கல்லுப் புள்ளையார்கிட்ட நடக்காது."

இந்த வருஷம் ஒரு துளி விழுந்தது. எந்தச் சோதனையிலும் தோற்காத துளி. பட்டியல் பிரிக்க மூன்று வாரம் இருந்தது. ஒரே வீடு, ஒரே சாப்பாட்டு மேஜை.

"தட்டையே பார்த்துச் சாப்பிடுறீங்களே, என் மூஞ்சியப் பார்த்தா சொல்லிருவீங்களோ?"

"பேசாம சாப்பிடும்மா."

வெளியூரிலிருந்து மகள் போனில் கெஞ்சினாள். "அம்மா பாவம்ப்பா, ஒரு தடவ கண்ண மட்டும் சிமிட்டுங்க!" அவர் போனை வைத்துவிட்டார். தூக்கத்தில் உளறிவிடுவோமோ என்று பயந்து, மூன்று வாரமும் பக்கத்து அறையில் படுத்தார்.

பட்டியலைப் பிரித்த அன்று, இவரைப் பற்றி எழுத வந்த நானும் அந்தக் கூட்ட அறையில் இருந்தேன். மொத்தம் இருபது பேர். கணவர் எழுந்தார். அந்தத் தேதியையும் நொடியையும் வாசித்தார். வாசித்து முடிப்பதற்குள் அவருடைய மூக்குக்கண்ணாடி நனைந்துவிட்டது.

"நான் போட்டதுதான்... மன்னிச்சிரும்மா."

இருபத்தாறு வருஷத்துத் தவம் என் கண்ணெதிரே இடிந்து விழுந்ததாக நினைத்தேன். அந்த அம்மாளோ எழுந்து அவரிடம் போனார்.

"நீங்க எதுக்கு அழறீங்க? இவ்ளோ நேர்த்தியா செஞ்ச போலியையே நாங்க கோட்ட விடலையே. நெஜமா ஒண்ணு வந்தா தப்பிச்சிருமா?"

பிறகு, அத்தனை பேர் முன்னாலும், கணவரின் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, ஈரத்தைத் தன் மேல்கோட்டின் நுனியால் துடைத்து, இரண்டு காதிலும் பதமாக மாட்டிவிட்டார்.