வண்டியை எடுக்க மறுத்தவர்

தருமபுரி பஸ் ஸ்டாண்டில் சேலம் வண்டியில் ஏறி உட்கார்ந்திருந்தேன். உச்சி வெயில். ஓட்டுநருக்கு ஐம்பது வயது இருக்கும். ஒல்லியான உடம்பு, நரைத்த மீசை, நெருப்பாய்ச் சிவந்த கண்கள். பாட்டில் தண்ணீரை உள்ளங்கையில் ஊற்றிக் கண்களில் அடித்துக்கொண்டே இருந்தார். திடீரென்று சாவியை உருவிக்கொண்டு கீழே இறங்கிவிட்டார்.

டைம் கீப்பர் ஓடிவந்தார். "என்னய்யா, நேரமாச்சு, வண்டிய எடு."

"முடியாதுங்க சார். நேத்து காலையில டூட்டிக்கு வந்தவன். மாத்து டிரைவர் வரலைன்னு ராத்திரியும் ஓட்டுனேன். வூட்டுப் பக்கமே போகல. கண்ணு சொருகுது."

"எல்லாரும் அப்படித்தான் ஓட்டறாங்க. எடுக்கலைன்னா மெமோதான்."

"குடுங்க, வாங்கிக்கறேன். இத்தன பேர வச்சிக்கிட்டு தொப்பூர் கணவாய் எறக்கத்துல என்னால தூங்க முடியாது."

நேரமாகிறதே என்று பயணிகள் சத்தம் போட்டார்கள். அவர் எங்கள் பக்கம் திரும்பினார். "திட்டுங்க, பரவால்ல. உசுரோட இருந்து திட்டுங்க."

வேறு வழியில்லாமல் டைம் கீப்பர் போன் போட்டார். டிப்போவிலிருந்து இன்னொரு ஓட்டுநர் வந்த பிறகுதான் அவர் சாவியைக் கொடுத்தார். நீட்டப்பட்ட மெமோவை வண்டியின் பக்கவாட்டில் வைத்தே கையெழுத்துப் போட்டார். முகத்தில் கொஞ்சமும் கலக்கமில்லை.

அந்த மெமோ அவரை என்ன பாடு படுத்தியதோ, தெரியாது. நாங்கள் எல்லோரும் சேலம் போய்ச் சேர்ந்தோம்.