தாழியில் இருந்தவர் அவர் அல்லர்

எங்கள் சமஸ்தானம் இந்திய ஒன்றியத்தில் இணைந்த 1948ஆம் ஆண்டிலேயே நான் சரித்திரத்தில் ஆனர்ஸ் பட்டம் பெற்று, உயர்நிலைப் பள்ளி ஆசிரியராக இருந்தேன். பழங்கால ஈமக்காடுகளை அளந்து வரைபடம் தயாரிக்க வெளியூரிலிருந்து வந்த ஆய்வாளர்கள், விடுமுறைக் காலங்களில் என்னைத் தங்களுடன் சேர்த்துக்கொண்டனர். இலுப்பூருக்கும் விராலிமலைக்கும் இடைப்பட்ட செம்மண் மேடுகளில் எந்தக் கல்வட்டத்தின் கீழ் முதுமக்கள் தாழி இருக்கும், எதன் கீழ் கல்லறை இருக்கும் என்பதைப் பார்வையிலேயே சொல்லும் அளவுக்கு எனக்குப் பயிற்சி இருந்தது. இதைத் தற்பெருமையாகச் சொல்லவில்லை. பின்னால் எழுந்த பேச்சுகளை எடைபோட, நான் யாராக இருந்தேன் என்பது தெரிந்திருக்க வேண்டும்.

ஐம்பதுகளின் தொடக்கத்தில், ஒரு கோடை விடுமுறையில், இலுப்பூர் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஊர்த்தலைவரான அம்பலகாரர் ஆள் அனுப்பியிருந்தார். புஞ்சையில் கிணறு வெட்டும்போது கடப்பாரை ஒரு தாழியின் பக்கச் சுவரை உடைத்துவிட்டது. உள்ளே ஒரு சிறு கலயம்; கலயத்தில் எரிந்த மனித எலும்புகள்.

அந்தப் புஞ்சைக்கு உரியவர் இரண்டாண்டுகளுக்கு முன் மணப்பாறைச் சந்தைக்கு மாடு ஓட்டிப் போய்த் திரும்பாதவர். மாடுகளும் திரும்பவில்லை. அவர் தம்பி தேடாத ஊரில்லை. மனைவிக்குப் பிள்ளை இல்லை. கருமாதி முடிந்துவிட்டால் அவள் தாலியைக் கழற்றிவிட்டுப் பிறந்த ஊருக்குப் போக வேண்டியதுதான் என்பதை ஊரில் எவரும் மறைத்துப் பேசவில்லை.

நான் போய்ச் சேர்ந்தபோது தம்பி எலும்பைப் பொறுக்கிக் கரைக்கப் புதுப் பானையும் செம்பில் பாலும் கொண்டுவந்து வைத்திருந்தார். கண்கள் சிவந்திருந்தன. நிலத்துக்காக அவர் அவசரப்பட்டார் என்று சிலர் சொன்னதை நான் நம்பவில்லை. அண்ணனுக்குச் செய்யவேண்டியதைச் செய்யாமல் இரண்டாண்டுகள் உறங்காதவர் அவர்.

"தாழின்னா உசிரோட வக்கிறதுதான சார்? சாகமாட்டாத கெழடுகளுக்கு வெளக்கேத்தி, சோத்தை வச்சு உள்ள எறக்குவாக. ஊரு ஒலகத்துக்கே தெரியும். எரிச்ச எலும்பு தாழிக்குள்ள எப்புடி வரும்? எவனோ எங்கண்ணன எரிச்சு இங்கிட்டு ஒளிச்சு வச்சிருக்கான்."

கூட்டம் முழுவதும் அவ்வாறே எண்ணியது. முதியோரை உயிருடன் தாழியில் இட்டதாக அந்தப் பகுதியெங்கும் ஒரு கதை உண்டு. எனவே எரிந்த எலும்பு பழையதாக இருக்க முடியாது என்பது அவர்கள் கணக்கு.

பின்னாலிருந்து ஒருவர், "வாத்தியாரு ராசா எலும்பா இருந்தாத்தான் கண்டுபிடிப்பாரு. குடியானவன் எலும்புக்குப் பாடப் புத்தகத்துல எடமேதுப்பா?" என்றார். சிலர் சிரித்தனர்.

வேலியோரம் நின்ற மனைவி முன்னால் வந்தாள்.

"அய்யா, படிச்சவுக நீங்க. இது அவுகளா? ஆமான்னா ஆமான்னு சொல்லிருங்க. நடுவுல மட்டும் நிக்க வச்சுராதீங்க."

நான் மேல்துண்டை மடித்து வைத்துவிட்டுக் குழிக்குள் இறங்கினேன். தாழியின் வாயை மூடிய பலகைக்கல் இடம் பெயராமல் இருந்தது. அதன்மேல் செம்புறாங்கல் சரளை ஒரே படலமாக இறுகிக் கிடந்தது. எவரேனும் அண்மையில் தோண்டி மூடியிருந்தால் அந்தப் படலம் வெட்டுப்பட்டிருக்கும். இதை விளக்கினேன். தம்பி ஏற்கவில்லை.

"மண்ணு பேசுறது ஒங்களுக்குத்தான் கேக்கும் சார். எங்களுக்குக் கேக்கல."

அருகில் இன்னொரு கல்வட்டம் கலைக்கப்படாமல் இருந்தது. அம்பலகாரர் சம்மதத்துடன் அதை எல்லார் முன்னிலையிலும் திறக்கச் செய்தேன். பலகைக்கல்லைப் புரட்ட நால்வர் தேவைப்பட்டனர். உள்ளே மற்றொரு தாழி. அதனுள் கறுப்பும் சிவப்புமான கிண்ணங்கள். நடுவில் ஒரு கலயம். கலயத்திலும் எரிந்த எலும்புகளே. சாம்பலோ கரித்துண்டோ இல்லை. வேறிடத்தில் எரித்து, பொறுக்கி, கழுவி வைத்திருக்கிறார்கள். மேலே மண்டையோட்டுச் சில்லுகள்; அவற்றின் கீழே விலா எலும்புத் துண்டுகள்; அடியில் கால்விரல் எலும்புகள்.

நான் தம்பியை அருகில் அழைத்தேன்.

"உங்கள் தகப்பனாருக்கு எலும்பு பொறுக்கியது யார்?"

"அண்ணனும் நானுந்தான்."

"எங்கே தொடங்கினீர்கள்?"

"கால்லருந்து சார். அப்பத்தான தலை மேல வரும்..."

சொல்லிக்கொண்டே கலயத்துக்குள் பார்த்தவர் பேச்சை நிறுத்தினார். குழி விளிம்பில் அமர்ந்தார். "அப்ப இது யாரு சார்?" என்றார்.

"தெரியாது. இவருக்கும் யாரோ காலிலிருந்து பொறுக்கியிருக்கிறார்கள்."

அவர் பால் செம்பை எடுத்தார். எலும்புகளின்மேல் ஊற்ற நான் இசையவில்லை, ஆய்வுக்குரியவை அவை. குழிக்கு வெளியே, விளிம்போரம் ஊற்றினார். சிரித்த மனிதர்கூட மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார்.

மனைவி மட்டும் அசையாமல் நின்றாள்.

"அப்ப அவுக இருக்காகளா அய்யா?"

"அது எனக்குத் தெரியாதம்மா. இது அவர் இல்லை. அவ்வளவுதான் என்னால் சொல்ல முடியும்."

அவள் தாலியை ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டு வீட்டை நோக்கி நடந்தாள். கொழுந்தன் எழுந்து பின்னால் போனார். "மதினி, வெயிலு கொளுத்துது, செருப்பப் போட்டுக்கிட்டுப் போங்க" என்று அவர் கூப்பிட்டது மேட்டில் நின்ற எனக்குக் கேட்டது.

புதுப் பானை பயன்படாமல் அங்கேயே கிடந்தது. கிணற்றைப் புஞ்சையின் மறுகோடியில் வெட்டினார்கள். அறுபதுகளின் பிற்பகுதியில் இறக்கும்வரை அவள் அந்த வீட்டிலேயே, குங்குமத்துடன் இருந்தாள். கொழுந்தனே கொள்ளி வைத்தார் என்று கேள்விப்பட்டேன். கணவர் வரவில்லை. அவரைப் பற்றிய தகவலும் வரவில்லை.

அதன்பின் அரிமளத்தில் ஒரு கல்யாணப் பந்தியில், அவளுக்கு உறவுமுறையான ஒருவர் இலைக்கு முன்னால் வைத்தே என்னைக் கேட்டார்: "உசிரோட இருக்கான்னு ஒரு வார்த்தைய சொல்லி, ஒரு பொம்பளைய ஆயுசு பூரா வாசலப் பாக்க வச்சுட்டீகளே சார்?" அந்தப் பேச்சு இலுப்பூர்க் கடைத்தெரு வரை பரவியிருந்தது. இன்றும் சிலர் சொல்கிறார்கள்.

அவர் உயிருடன் இருப்பதாக நான் எங்கும், எவரிடமும் கூறவில்லை. அந்த எலும்புகள் அவருடையவை அல்ல என்று மட்டுமே கூறினேன்.